பயந்தாங்கொள்ளி கேமரா

ரோட்டைப் படம்பிடிக்க, கார் வாங்கும்போதே கம்பெனி முன்கண்ணாடியில் பொருத்திக் கொடுத்த கேமரா ஒரு பயந்தாங்கொள்ளி. வண்டி பள்ளத்தில் இறங்கினால் போதும், விபத்து என்று நினைத்து அந்தக் காட்சியைத் தனியாகப் பூட்டி வைத்துக்கொள்ளும். நாமாக அழிக்காவிட்டால் மெமரி கார்டு நிரம்பிவிட்டதென்று திரையில் நச்சரிக்கும்.

முதுகில் ஆபரேஷன் ஆன மாமனாரை வாரா வாரம் பர்கூரிலிருந்து ஓசூருக்கு பிசியோதெரபிக்கு அழைத்துப் போவது நான்தான். ஒருநாள் அவர் உள்ளே இருந்தபோது, எரிச்சலோடு கார்டைக் காலி செய்ய உட்கார்ந்தேன். அழிக்கும் முன் பூட்டிய காட்சி ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். முன்னால் கிரானைட் லாரி, அப்புறம் பள்ளம். பாட்டோடு சேர்ந்து பாடும் என் குரல். அதற்கு அடியில், பின்சீட்டிலிருந்து, "யப்பா" என்று பல்லைக் கடித்த முனகல். அடுத்த காட்சியிலும் அதே. எல்லாவற்றிலும் அதே.

"வலிக்குதா மாமா?" என்று கேட்கும்போதெல்லாம், "இல்லம்மா, நீ ஓட்டு" என்பார்.

அடுத்த வாரம் பாட்டை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் ஊர்ந்து போனேன். பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரனிலேயே திட்டினார்கள். கேமரா எதையும் பூட்டவில்லை.

இறங்கும்போது மாமனார் சொன்னார்: "பரவால்லம்மா, ரோட்ட நல்லா போட்டுட்டாங்க."