அழையாத அறுபது பேருக்கான பப்படம்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் பப்படம் மொத்த வியாபாரம் செய்த தாணுலிங்கம் அண்ணாச்சிக்கு இருபத்திரண்டு வருடப் பெருமை ஒன்று உண்டு: எந்தக் கல்யாண வீட்டாரிடமும் அவர் ஆள்கணக்கை இரண்டாம் முறை கேட்டதில்லை. விருந்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையை எழுதி வைத்தால் கண் பட்டுவிடும் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. வீட்டுக்காரர் காதோடு காதாகச் சொல்வார். அண்ணாச்சி மனதுக்குள்ளேயே, அழைக்காமல் வருகிறவர்கள் என்று அறுபதைக் கூட்டுவார். ஆளுக்கு மூன்று என்று பெருக்குவார். விடையை மட்டும் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதிவிட்டு, ஆள்கணக்கை மறந்துவிடுவார். மறப்பதில் அவருக்கு இணையாக ஒருவர் இனிப் பிறந்துதான் வரவேண்டும்.

1997 ஆவணியில் ஸ்ரீனிவாசன் வீட்டுக் கல்யாணம். முந்தின நாள் காலை அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே 1110 என்று எழுதினார். பப்படம் எண்ணிக் கட்டும் எலிசாள், பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தேறியவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, எப்பிடிப் போட்டிய?"

"மூணால பெருக்கினேன், அறுபதைக் கூட்டினேன். என்ன பிள்ளே?"

"அப்போ விளிக்காம வாறவனுக்கு மட்டும் ஒத்தப் பப்படமா?"

அறுபது பேருக்கும் இரண்டிரண்டாக நூற்றிருபது குறைவது அண்ணாச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசிப் பந்தியில் நாற்பது பேர் வெறும் பருப்புச் சோற்றை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பிறகு திருவனந்தபுரத்தில் பப்படம் விற்க முடியாது.

"ஸ்ரீனிவாசன் சாருக்கு ஒரு போன் போட்டு ஆள்கணக்கைக் கேளுங்க."

"செத்தாலும் கேக்க மாட்டேன்."

"அப்போ வாற ஆளுகளை எக்ஸுன்னு வைப்போம்."

"மங்கள காரியத்துக்கு வாறவங்களை எக்ஸுன்னு சொல்லாத பிள்ளே. மரியாதை வேணும்."

"சரி, 'திரு'ன்னு வைக்கேன். மூணு திருவும் அறுபதும் சேந்தா ஆயிரத்து நூத்திப் பத்து. அறுபதைக் கழிச்சா ஆயிரத்து அம்பது. மூணால வகுத்தா, திரு முந்நூத்தி அம்பது."

அண்ணாச்சி பதறிப்போய் வாசலை எட்டிப் பார்த்தார். "மெல்லச் சொல்லு! தெருவுக்கே கேக்கும்."

"இனி முதல்ல அறுபதைக் கூட்டணும். நானூத்திப் பத்து. பிறகு மூணு மடங்கு. ஆயிரத்து இருநூத்தி முப்பது."

அண்ணாச்சி சுவரை அழித்து 1230 என்று எழுதினார். எலிசாள் இன்னும் நூற்றிருபது எண்ணிக் கட்டினாள்.

மறுநாள் அண்ணாச்சி கடைசிப் பந்தியின் பின்னால் நின்று இலை இலையாகக் கண்காணித்தார். எல்லா இலையிலும் மூன்று விழுந்தன. ஆனால் கூடையில் ஒன்பது மிஞ்சின. அவர் முகம் செத்துப்போயிற்று.

"கணக்கு தப்பிப்போச்சே பிள்ளே!"

"கணக்கு சரிதான் அண்ணாச்சி. மூணு பேரு வரல," என்றாள் எலிசாள்.

அந்த மூன்று பேரை அண்ணாச்சி கடைசிவரை மன்னிக்கவில்லை.