வாடகைக்கு ஒரு வணக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ரோபோவுக்குப் பதில் வணக்கம் சொன்னேன். சிரிக்காதீர்கள். ஆளுயரத்துக்கு ஒன்று எதிரே நின்று, இடுப்பை வளைத்து, கைகூப்பி, 'வணக்கம், வாங்க வாங்க' என்று பெண் குரலில் சொன்னால் நீங்கள் மட்டும் என்ன செய்வீர்களாம்?

என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் ஆரோக்கியசாமி வாத்தியாரின் மகளுக்குச் செக்காலை மண்டபம் ஒன்றில் நிச்சயதார்த்தம். ஜப்பானில் ரோபோ கார் செய்வதாகப் படித்திருக்கிறேன். காரைக்குடியில் பன்னீர் தெளிக்கும் என்று யார் கண்டது? மதுரையிலிருந்து வாடகைக்கு வந்ததாம்.

காபியை இன்னும் வாயில்கூட வைக்கவில்லை... வாத்தியார் ஓடி வந்தார்.

"சார், மச்சான் வாசல்லயே நிக்கிறாரு. உள்ள வரமாட்டேங்கிறாரு. நீங்க போயி கொஞ்சம் பேசுறீகளா?"

மச்சான் என்றால் அவர் மனைவியின் அண்ணன். காளையார்கோவில் பக்கம் விவசாயம். தாய்மாமனாகிய அவர் மாலை போட்ட பிறகுதான் பெண் மேடையேற வேண்டும். ஆனால் வாத்தியாருக்கும் அவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. தங்கை நேரில் போய் அழுததால் வந்திருக்கிறார்.

மாலையும் கையுமாக நின்றவரிடம் கேட்டேன்.

"ஏன் இங்குட்டே நிக்கிறீக? உள்ள வாங்க."

"வீட்டாளுக யாரும் வாங்கன்னு சொல்லலையே சார்."

"ரோபோ சொல்லுச்சுல்ல?"

"இப்பத்தான் ஒரு ஆடு போச்சு. அதுக்கும் கும்பிட்டுச் சொல்லுச்சு."

எனக்குத் தலை சுற்றியது. எங்கள் பக்கத்தில் விருந்தாளி வந்தால் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் 'வாங்க' சொல்ல வேண்டும். ஒருவர் விட்டாலும் குறைதான். சரி, வீட்டுக்காரர் வைத்த மெஷின் சொன்னால் அது அவர் சொன்னதாகுமா, ஆகாதா? அழைப்புப் பத்திரிகையை அச்சடிப்பதும் மெஷின்தானே, அதை ஏற்றுக்கொள்கிறோமே? அப்படியானால் அந்த ஆடும் முறைப்படி அழைக்கப்பட்ட விருந்தாளியா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிச்சம்.

உள்ளே போய் வாத்தியாரைப் பிடித்தேன். "நீங்களே வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்க."

அவர் முகம் வாடிவிட்டது.

"அதுக்குத்தான் சார் இந்த ரோபோவையே வச்சேன். தப்பு எம்மேல. அவரு மொகத்தப் பாத்து எப்படி வாங்கன்னு சொல்றதுன்னு தெரியல."

பாவமாக இருந்தது. ஆனாலும் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வாத்தியார் மச்சானுக்கு எதிரே நின்று வாயைத் திறந்தார். நடுவில் ரோபோ குனிந்து 'வாங்க வாங்க' என்றது.

மச்சான் சுவரோரம் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

"இப்பச் சொல்லுங்க மாப்ள."

"வாங்க... வாங்க மச்சான்." என்றார் வாத்தியார். மச்சான் அவர் தோளில் கை போட்டபடி உள்ளே வந்தார்.

ரோபோ காலையிலிருந்து நூறு தடவை சொன்ன அதே வார்த்தைதான்... வாத்தியாருக்கு ஒரு தடவை சொல்ல இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.