மீனைத் தமிழில் வெட்டிய நாள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் ஸ்காபரோவின் இந்த டோர்செட் பார்க் பகுதியில் என் வயதில் சீன எழுத்து வாசிக்கத் தெரிந்த தமிழன் வேறு யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்ப்போம். சீனம் பேச வராது. வாசிப்பேன். அதுவும் தமிழில் வாசிப்பேன்.

கனடாவுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரு சீன உணவகத்தில் கோப்பை கழுவினேன். மூன்று வருடம். சுடுதண்ணீரில் ஊறி ஊறி விரல்தோல் உரியும். நாலடி தள்ளி வெட்டும் பலகை. அங்கே நிற்பவனின் கை எப்போதும் காய்ந்திருக்கும். அந்த இடம்தான் எனக்கு வேண்டும். ஆனால் அங்கே நிற்பவனுக்குப் பரிமாறுகிறவர்கள் சீனத்தில் எழுதிக் கொண்டுவரும் ஓடர் சீட்டு விளங்க வேண்டும்.

ஒருநாள் பிழையான கீரை வந்துவிட்டது. தலைமைச் சமையல்காரர் ஹொங்கொங்காரர். மரக்கறி கொண்டுவருகிற கிழவர் கொரியாக்காரர். ஒருவர் பேசுவது மற்றவருக்கு மருந்துக்கும் விளங்காது. கத்திக் களைத்த பிறகு கிழவர் தக்காளிப் பெட்டியைக் கிழித்து நாலு எழுத்து எழுதினார். சமையல்காரர் வாசித்துவிட்டுக் கீழே பதில் எழுதினார். பேனாவாலேயே ஒரு சண்டை! கடைசியில் இரண்டு பேரும் சிரித்தார்கள். கொரியாவிலும் அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் சீன எழுத்துப் படிப்பித்தார்களாம். எழுத்து ஒன்று, வாய்ச்சத்தம் வேறு. அப்படியென்றால் நான் தமிழில் வாசிப்பதை யார் தடுப்பது?

ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சீட்டைப் பார்ப்பேன், பிறகு வெட்டுகிறவனின் கையைப் பார்ப்பேன். கொம்பு மாதிரி ஒன்று முளைத்திருந்தால் மாடு. அடியில் நாலு புள்ளி இருந்தால் மீன். குப்பையில் போட்ட சீட்டுகளைப் பொறுக்கி, பக்கத்தில் தமிழில் எழுதி வைத்தேன்.

என்னோடு கோப்பை கழுவிய நெடுந்தீவுக்காரனுக்குச் சிரிப்பு.

"மச்சான், உனக்குத் தமிழே நாலு வரி ஒழுங்கா எழுத வராது. உது எங்கை ஏறப்போகுது?"

"ஏறாட்டி உன்னட்டை வந்து படிக்கிறன், போடா."

ஒரு சனிக்கிழமை வெட்டுகிறவன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டான். திங்கட்கிழமைக்கு வேறு ஆளை வரச் சொல்லியாகிவிட்டது. எனக்கு மிஞ்சியிருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். சீட்டுகளைக் கொண்டுபோய்ச் சமையல்காரருக்குக் காட்டினேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, கத்தியைத் தந்தார்.

ஞாயிறு மத்தியானக் கூட்டம். கோழி, மாடு, இறால் என்று கை பறந்தது. அப்போது ஒரு சீட்டில் மூன்று எழுத்து. ஒன்று மீன். மற்ற இரண்டையும் நான் கண்டதில்லை. மீன் தெரிகிறதே, அது காணும் என்று நினைத்தேன். நல்ல கொழுத்த மீன். செதில் சுரண்டி, தலையை வெட்டி, குழம்புக்கு வெட்டுகிற மாதிரி அளவான துண்டுகளாக்கி வைத்தேன். வடிவாகத்தான் இருந்தது.

"நோ! ஹோல் பிஷ்! ஹோல்!" சமையல்காரர் அடுப்பை விட்டு ஓடி வந்தார். யாரோ ஒரு கிழவியின் பிறந்தநாளாம். தலையும் வாலுமாக முழு மீனை அவித்து மேசையில் வைக்க வேண்டுமாம்.

நெடுந்தீவான் தொட்டிப் பக்கமிருந்து குரல் கொடுத்தான்: "எழுத்தைத் தமிழிலை வாசிச்சது காணாதெண்டு மீனையும் தமிழிலை வெட்டிப்போட்டாய். புளி கரைக்கட்டோ?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேறொரு மீனைச் சமையல்காரரே துப்புரவாக்கி அவியப் போட்டார். நான் ஏப்ரனைக் கழற்றப் போனேன். அவர் விடவில்லை. அடுத்த சீட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"கோழி. முந்திரிக்கொட்டை." பதற்றத்தில் தமிழிலேயே சொன்னேன். ஆனால் கை சரியான பெட்டிகளுக்குப் போனது. இன்னொன்று பிடித்தார். "மாடு, வெங்காயம்." இன்னொன்று. ஒன்றும் பிழைக்கவில்லை.

அவர் அந்த மீன் சீட்டை எடுத்து, எனக்குத் தெரியாத இரண்டு எழுத்துக்கும் கீழே தலை, வால், கண் எல்லாம் வைத்து ஒரு மீன் வரைந்தார். பலகைக்கு மேலே சுவரில் ஒட்டினார்.

அந்தக் குசினியில் இஞ்சியும் எண்ணெயும் புகைகிற மணத்தை இன்றைக்கும் மூக்கு தேடுகிறது. உணவகம் இருந்த இடத்தில் இப்போது ஒரு பல் வைத்தியர் இருக்கிறார். பக்கத்து நகரமான விட்பியில் மகன்மாருக்கு வீடு வாங்கிக் கொடுத்தவன் நான். அந்த வீடுகளுக்குள் போகும்போதுகூட அன்று பலகை முன்னால் நின்ற பெருமை வருவதில்லை.

கூட்டம் கலைந்ததும் சமையல்காரர் தொலைபேசியை எடுத்து, திங்கட்கிழமை வர இருந்தவனை வர வேண்டாம் என்றார். சீனத்தில்தான் சொன்னார். எனக்கு விளங்கியது.