கடைக்காரர் தள்ளிவிட்ட பூட்டு

என் வீட்டுக்காரரின் முதல் வருஷத் திதி வந்தது. போட்டோவுக்கு நிற்கவே கூச்சப்படுகிற மனிதர். சமயபுரத்தில் பேத்திக்கு மொட்டை போட்ட அன்று, தானும் மொட்டையடித்துச் சிரித்தபடி நின்ற படங்கள் மட்டும்தான் உண்டு. திருவெறும்பூரில் இருக்கும் என் தம்பி எடுத்தவை. அழிந்துவிடக் கூடாதென்று மெமரி கார்டின் ஓரத்திலுள்ள சின்னப் பூட்டைத் தள்ளி வைத்துத்தான் கொடுத்திருந்தான்.

பெரிதாக்கி மாட்டுவதற்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு போட்டோ கடைக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரில் படம் திறக்கவில்லை, என்னவோ கேட்டது. கடைக்காரர் அந்தப் பூட்டைத் திறந்த பக்கம் தள்ளிவிட்டு, மறுபடி செருகி ஏதோ அமுக்கினார்.

"கார்டுல ஒண்ணுமே இல்லீங்களேம்மா."

"இருந்துச்சுங்க! இப்ப என்ன அமுக்குனீங்க?"

"ஃபார்மட் கேட்டுச்சு, குடுத்தேன். உங்களுக்குச் சொன்னா புரியாதும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எட்டாவதோடு நின்றவள்தான். அடுத்தவர் பொருளை அழிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதற்குப் படிப்பா வேண்டும்?

"கார்டு நல்லாருக்கான்னு ஒரு படம் எடுத்துப் பாக்கறேன்" என்று கேமராவைத் தூக்கினார். பயத்தில் கார்டைப் பிடுங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

"படம் இன்னும் உள்ளதான் இருக்கும். எடுக்க விட்டிருந்தா புதுப் படம் மாமா படத்து மேலயே பதிஞ்சிருக்கும்க்கா" என்றான் தம்பி. கம்ப்யூட்டரில் ஏதோ போட்டுத் தேடி, மொட்டைத் தலையோடு அவரை மீட்டுக் கொடுத்தான்.

இப்போதெல்லாம் வேறொரு கார்டில் நகல் எடுத்து, அந்த நகலைத்தான் வெளியே கொண்டுபோகிறேன். அந்தக் கடைக்காரர் தப்பென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னாலும் அந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன்.