வெள்ளைக் காற்சட்டையில் மஞ்சள்

மகளின் புதுப் பேஸ்போல் சீருடையை மேசையில் விரித்துவிட்டு, குழைத்த மஞ்சளோடு தயங்கி நிற்கிறேன். இவளும் வெட்கப்படுவாளோ? அந்த வாசம் என்னை ஒன்பது வயதுக்கு இழுத்துப்போகிறது.

அப்போது நாங்கள் குடியேறியிருந்த லாசாலில் எங்கள் அணியின் காற்சட்டை முழங்காலோடு நிற்கும்; பளிச்சென்ற வெள்ளை.

"வேண்டாம் அம்மா, வெள்ளையில தெரியும்."

"தெரிஞ்சால் என்ன? புது உடுப்பு மஞ்சள் வைக்காமல் போடுறேல்லை, பிள்ளை." இடுப்போரம் ஒரு பொட்டு வைத்தார்.

மைதானத்தில் என் தோழி அதைக் காட்டி, "ஹாட் டாக் சாப்பிட்டாயா? கடுகுச் சாஸ் ஒட்டியிருக்கிறது!" என்று பிரெஞ்சில் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டு ஆமென்று தலையாட்டினேன். பின்னால் கம்பிவேலியோரம் அம்மா நின்றிருந்தார். அந்தளவு பிரெஞ்சு அவருக்கு விளங்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் காற்சட்டையைத் தோய்த்து, பொட்டு வெளிறும்வரை பல்கனி வெயிலில் போட்டார். அதன் பிறகு என் உடுப்புகளில் அவர் மஞ்சள் வைக்கவே இல்லை.

இப்போதைய காற்சட்டை கணுக்கால்வரை, கருநீலம். மஞ்சளை வைத்தேன், வைத்த இடமே தெரியவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்; இருக்கவில்லை.

மகள் வந்து குனிந்து பார்த்தாள். "எங்க, அம்மா? எனக்குத் தெரியேல்லையே."

அவளுடைய விரலைப் பிடித்து அந்த ஈரத்தில் வைத்தேன்.