கண்மாயில் புது ஸ்கீ: இழுத்தது குட்டியானை, நிறுத்தியது கோயில்

சென்னைக்குத் தெற்கே ஒரு தண்ணீர் விளையாட்டு கிளப்பில் படகு ஓட்டுகிறேன். உறுப்பினர்களை ஸ்கீயில் இழுத்துக்கொண்டு போவது என் வேலை. அதே படகு என்னை இழுக்கக் கூடாது என்பது அங்கே விதி. ஊழியர்கள் தண்ணீரில் இறங்கலாம், உறுப்பினர் விட்ட கயிற்றை எடுத்துவர மட்டும்.

தை மாதம் வெளிமாநில ஏரி ஒன்றில் ஸ்லாலம் தேர்வுப் போட்டி. ஒற்றைப் பலகையில் இரண்டு காலையும் முன்பின்னாக மாட்டிக்கொண்டு, மிதவைகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகவேண்டும். பழைய ஸ்கீ விரிசல் விட்டுவிட்டது. புதியது கைக்கு வந்தபோது இருந்தது மூன்று வாரம். பழகாத பலகையோடு போனால் முதல் மிதவையிலேயே முடிந்துவிடும். வடகிழக்கு மழை நன்றாகப் பெய்து, ஊர்க் கண்மாய் நிரம்பி மறுகால் போகிறது என்று அக்கா போனில் சொன்னாள். அன்று இரவே ரயில் ஏறினேன்.

கோவில்பட்டியில் இறங்கியது காலை ஆறு மணி. ஆட்டோவில் ஸ்கீ பை குறுக்கே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. "என்ன தங்கச்சி, கலப்பையா?" என்றார் டிரைவர். "தண்ணியில உழுறது அண்ணாச்சி" என்றேன். பஸ் ஸ்டாண்டுக்கு அறுபது ரூபாய். பசுவந்தனை பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கண்டக்டர் பையை ஒரு முறை பார்த்தார். "ஒனக்கு ஃப்ரீ. இது பொம்பளயா?" என்று கேட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். இருபுறமும் உளுந்தும் மக்காச்சோளமும் நின்ற ஈரக் கரிசல். இந்த மண் பச்சையாக இருக்கும் இரண்டு மாதம் எனக்குக் கர்வமாகவே இருக்கும்.

படகுக்குப் பதில் முருகேசன் அத்தானின் குட்டியானை. அக்காவின் கணவர் தீப்பெட்டி பண்டல் ஏற்றும் சின்ன லாரி அது. கண்மாய்க் கரை மேல் தார் ரோடு. தண்ணீர்ப் பக்கம் மரம் கிடையாது, கல் பாவிய சரிவு மட்டும். தொள்ளாயிரம் மீட்டர் நேராக ஓடுகிறது. நடுவில் கரைச்சாமி கோயில், அதன் கீழே ஒரு படித்துறை. எங்கள் தெருவின் படித்துறை கிழக்குக் கோடியில். கோயில் படியில் எங்கள் ஆட்கள் கால் வைத்ததில்லை. தண்ணீர் ஒன்றுதான், படிதான் சாதி பார்க்கும்.

முதல் நாள் முழுக்க மூங்கில் கம்பால் தண்ணீரைத் துழாவி, சீமைக்கருவேல அடிக்கட்டை இல்லாத பாதையைக் குறித்தோம். மறுநாள் விடிந்ததும், காலை மாட்டும் ரப்பர் உறைக்குள் ஒரு ரூபாய் ஷாம்பு பிழிந்தேன். இல்லாவிட்டால் கால் நுழையாது. வண்டிக் கொக்கியில் கயிறு. பின்னால் அக்கா என்னைப் பார்த்தபடி, கையில் சிவப்புத் துண்டோடு. துண்டு ஆடினால் வண்டி நிற்கவேண்டும்.

எங்கள் படித்துறையிலிருந்து எழும்பியது அருமையாக இருந்தது. கரையை விட்டு வெளிப்பக்கம் வெட்டித் திரும்பினேன்; பழைய ஸ்கீயைவிட இது சட்டென்று கடித்துத் திரும்பியது. பிறகு திடீரென்று வால் அமிழ்ந்து, நானும் அமிழ்ந்தேன். வால் அமிழ்ந்தால் கால் உறையை ஒரு துளை முன்னே நகர்த்துவது வழக்கம். நகர்த்தினேன். அடுத்த ஓட்டத்தில் திரும்பும்போதே மூக்கு குத்திக் குப்புற விழுந்தேன். அடியிலுள்ள ஃபின் தகட்டைக் கொஞ்சம் ஏற்றினேன். மூக்கு குத்துவது நின்றது, அமிழ்வது நிற்கவில்லை. தப்பான ஸ்கீயை வாங்கிவிட்டேன், தேர்வு போயிற்று என்று கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்காதான் சொன்னாள். "ஒம் பலகையில ஒரு கோளாறும் இல்லட்டி. கோயிலு வந்தா இவிய ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துருதாவ."

"சாமி முன்னால சர்ருனு போவச் சொல்லுதியா?" என்றார் அத்தான். "பதினெட்டு வருசமா இங்கன மெதுவா போயி, ஆரன் அடிச்சு, கும்பிட்டுத்தான் போறேன். கால் தன்னால எடுக்குது."

"நான் முங்குறது தெரியலயா அத்தான்?"

"நீயும் கும்பிடுதன்னு நெனச்சேன்."

சிரித்துச் சிரித்துப் புரையேறியது. உறையையும் ஃபின்னையும் பழைய அளவுக்கே கொண்டுவந்தேன். வழி ஒன்றுதான். கோயிலில் கும்பிட்டுவிட்டு அங்கிருந்தே புறப்படவேண்டும். மேற்கே மீதி நானூற்றைம்பது மீட்டர் போதும். ஆனால் அது அந்தப் படி.

மூன்று பேர் அங்கே பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்கீயோடு இறங்கியதும் ஒருவர், "ஏட்டி, யாரு மவ நீ?" என்றார். அது பெயர் கேட்கும் கேள்வி அல்ல. அப்பா பெயரையும் தெருவையும் சேர்த்தே சொன்னேன்.

"அப்ப இங்கன எறங்கக் கூடாதுன்னு தெரியும்லா?"

அத்தான் மேலே ரோட்டில் வண்டியில் இருந்தார். அந்தத் தெருக்காரர்களிடம் தினம் சரக்கு ஏற்றிப் பிழைக்கிறவர் அவர். இருந்தாலும் தலையை வெளியே நீட்டினார். "சாமிய கும்பிட்டாச்சு அண்ணாச்சி. கயிறு இழுக்குது, வெலகிக்கோங்க." ஆரன் அடித்தார். வண்டியை எடுத்தார்.

அந்த ஓட்டத்தில் ஒரு முறைகூட அமிழவில்லை. வெளிப்பக்கம் ஆறு வெட்டு. ஒவ்வொன்றிலும் கண்மாய்த் தண்ணீர் சேற்று நிறத்தில் சுவர்போல் எழும்பி விழுந்தது.

திரும்பி வந்தபோது அவர்கள் போகவில்லை. கேட்டவர் முகம் இறுகியே இருந்தது. பக்கத்தில் இருந்தவர் போனை நீட்டிப் பிடித்திருந்தார். "இன்னொருக்க போவியா? வீடியோ சரியா விழல." எனக்குக் கோபம் தணியவில்லை. ஆனாலும் போனேன்.

இதே மாதிரி முயல்கிறவர்களுக்கு: லைஃப் ஜாக்கெட், தண்ணீரைத் துழாவ ஒரு முழு நாள், கயிற்றைப் பார்க்க வண்டியில் தனி ஆள். கரையிலிருந்து இழுத்தால் வெளிப்பக்கத் திருப்பம்தான் பழகும், உள்பக்கத்துக்குப் படகு வேண்டும். கால் பாதத்தில் கரிசல் சேறு இருந்தால் உறைக்குள் விடாதீர்கள், மாலைவரை கழற்ற முடியாது. ஸ்கீயின் அளவை மாற்றுவதற்கு முன் டிரைவரின் பக்தியை விசாரியுங்கள்.

வியாழக்கிழமை தேர்வுக்குக் கிளம்புகிறேன். அதுவரை தினமும் காலை கோயில் படியில்தான் இறங்குகிறேன். ஸ்கீ எனக்குப் பழகிவிட்டது. அந்தப் படிக்கு நான் பழக இன்னும் நாலு நாள் ஆகும்.