கடவையில் மன்னிப்புக் கேட்ட அக்கா

வீதிப் பலகைகளை முன்கூட்டியே சொல்லும் செயலி ஒன்று என் போனில் இருக்கிறது. "முன்னால் பாதசாரிக் கடவை, வேகத்தைக் குறைக்கவும்" என்று சந்திக்குச் சந்தி கத்தும். இத்தாலியின் இந்தப் பலெர்மோவில் யார் கடவையில் நிறுத்துகிறார்கள்? இன்று வேலைக்குப் பிந்திவிட்டது. அதன் வாயை அடைத்தேன்.

லிபெர்த்தா வீதியில் திரும்பினால், கடவையின் நடுவில் ஒரு பெண். பிரேக்கை மிதித்தேன். கார் இடிக்கவில்லை. பயத்தில் அவருடைய பை விழுந்து தக்காளி வீதியெல்லாம் உருண்டது.

நான் இறங்குமுன்பே "ஸ்கூசி, ஸ்கூசி" என்று இத்தாலியனில் மன்னிப்புக் கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"என்ர பிழைதான் தம்பி. பொலிசைக் கூப்பிடாதேங்கோ. வதிவிடப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குடுத்திருக்கிறன், பிரச்சினை எண்டால் தராமல் விட்டிடுவாங்கள்."

"பிழை என்ர அக்கா. நீங்கள் கடவையிலதானே வந்தனீங்கள்?"

"ஓம். அதை ஆர் கேக்கப் போறாங்கள்?"

தக்காளியைப் பொறுக்கிக் கொடுத்தேன். "வேலை வீட்டுச் சிஞ்ஞோரா பேசப்போறா" என்று ஓடினார்.

சரியாக நடந்தாலும் முதலில் மன்னிப்புக் கேட்க இந்த ஊர் எங்களைப் பழக்கி வைத்திருக்கிறது. அதைத் திட்டத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் பொலிஸ் வேண்டாம் என்று அவர் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

செயலியை மறுபடி பேசவிட்டிருக்கிறேன்.

கடவையில் சரியாக நடந்துவிட்டு மன்னிப்புக் கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். என்னைப்போல் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு போனவர்களும் கொஞ்சம் கையைத் தூக்குங்கள்.